கிட்னி போனால் கால் ஏன் ஓய்கிறது

சிறுநீரகக் கோளாறு நுழைந்த வீட்டில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ரத்தப் பரிசோதனையில் வரும் ஓர் எண்ணைச் சரியாகச் சொல்வார்கள். கிரியேட்டினின். ஊரிலிருந்து போன் போடும் அத்தைக்கும் முதல் கேள்வி அதுதான். ஏறினால் வீடே சுருண்டுவிடும், இறங்கினால் யாரோ சொன்ன கஷாயம் வேலை செய்துவிட்டது என்று பேச்சு கிளம்பும். நான் கணக்கு டீச்சர், எண்களோடு எனக்குச் சண்டை எதுவும் கிடையாது. ஆனால் இந்த எண்ணை இவ்வளவு நம்புகிறவர்கள் இது எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவை கேட்டிருந்தால், நோயாளியின் தொடையையும் சேர்த்துக் கவனித்திருப்பார்கள். கிரியேட்டினின் சிறுநீரகத்தில் உண்டாவதில்லை. தசையில் உண்டாகிறது.

தசைக்குள் கிரியேட்டின் என்று ஒரு பொருள் இருக்கிறது. ஜிம்முக்குப் போகிற பையன்கள் டப்பாவில் வாங்கிக் கலக்கிக் குடிக்கிறார்களே, அதே பொருள்தான். அது பாஸ்பேட்டைச் சுமந்துகொண்டு தயாராக நிற்கும். நாற்காலியை விட்டு எழும்போதும் பஸ்ஸில் காலைத் தூக்கி வைக்கும்போதும் முதல் சில நொடிகளுக்கான சக்தி பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. என் அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் எனக்கு இது அவருடைய தோல்பைச் சில்லறை மாதிரித் தோன்றும். கையை விட்டதும் கிடைக்கும், சீக்கிரம் தீர்ந்தும் போகும், நோட்டை மாற்றி மாற்றிப் பையை நிரப்பிக்கொண்டே இருந்தால்தான் வண்டி ஓடும். அந்த நிரப்பும் வேலையைச் செய்வது மைட்டோகாண்ட்ரியா, தசைச் செல்லுக்குள் இருந்து சர்க்கரையையும் கொழுப்பையும் ஆக்சிஜனோடு சேர்த்து எரிக்கும் நுண்ணுறுப்பு.

இந்தக் கிரியேட்டின் இருப்பில் தினமும் ஏறக்குறைய 2 சதவீதம் தானாகவே கிரியேட்டினினாக மாறி ரத்தத்துக்கு வருகிறது, சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. ஆக ரிப்போர்ட்டில் வரும் எண் இரண்டு விஷயங்களின் விளைவு: தசை எவ்வளவு அனுப்புகிறது, சிறுநீரகம் எவ்வளவு வெளியே தள்ளுகிறது. 25 வயதுப் பையனுக்கு 1.2 என்று வந்தால், இப்போது புழக்கத்தில் இருக்கும் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 86 மில்லி அளவுக்கு வரும். அதே 1.2 ஒரு 65 வயதுப் பெண்மணிக்கு வந்தால் 50தான். சூத்திரமோ வயதையும் பாலினத்தையும் மட்டும்தான் கேட்கிறது. அந்த அம்மா நோஞ்சானா, வயல் வேலை செய்து திடமாக இருப்பவரா என்று கேட்பதில்லை. தசை குறைந்தவருக்கு உண்மை நிலை அந்த 50ஐ விடவும் மோசமாக இருக்கலாம். அதற்குத்தான் சில டாக்டர்கள் சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு பரிசோதனையையும் எழுதித் தருகிறார்கள், அது தசையின் அளவைப் பெரிதாகச் சார்ந்திருக்காது.

இன்னொன்றும் உண்டு. கிரியேட்டினை உடம்பு தானாகவே தயாரித்துக்கொள்கிறது, அந்தத் தயாரிப்பின் முதல் படி பெருமளவு சிறுநீரகத்தில் நடக்கிறது, இரண்டாவது படி கல்லீரலில். வடிகட்டி கெட்டுப்போனால் கழிவு தேங்கும் என்று மட்டுமே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சிறுநீரகம் ஒரு தயாரிப்புக்கூடமும்தான். ரத்தச் சிவப்பணுக்களை உண்டாக்கத் தூண்டும் எரித்ரோபாய்டின், வைட்டமின் டியின் வேலை செய்யக்கூடிய வடிவம், கிரியேட்டின் தயாரிப்பின் முதல் படி எல்லாம் அங்கேதான், அத்தனையும் தசைக்கு வேண்டியவை. அதனாலும்தான் கிட்னி போகும்போது கால் ஓய்கிறது.

அப்பாவின் கால்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்துக் கொடுத்தவர், கொடைக்கானல் மலைப்பாதை வளைவுகளிலும்கூட அப்படித்தான், அதில் அவருக்கு ஒரு கர்வமே உண்டு. சர்க்கரை நோய் நெடுநாளாக இருந்தது, அது கடைசியில் சிறுநீரகத்தைப் பிடித்தது. டயாலிசிஸ் தொடங்குவதற்கு வெகு முன்பே அவர் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழும்போது ஒரு கையைத் தரையிலும் இன்னொரு கையைச் சுவரிலும் ஊன்ற ஆரம்பித்திருந்தார். வயசாச்சு என்றார்கள். சுகர் காலை அரிக்கும் என்றார்கள். அவர் சொன்னது வேறு. "வலி ஒண்ணும் இல்ல பாப்பா, கால் என் பேச்சைக் கேட்க மாட்டேங்குது."

இந்த வாக்கியத்தை அப்படியே மருத்துவப் புத்தகத்தில் எழுதலாம். நாள்பட்ட சிறுநீரக நோயில் தசை பாதிக்கப்படும்போது முதலில் அடி வாங்குவது இடுப்பையும் தொடையையும் சேர்ந்த பெரிய தசைகள்தான். வலி பெரிதாக இருக்காது. கை நன்றாக இருக்கும், கால் தூக்காது. திசுவை எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், சட்டென்று விசையோடு இயங்கும் இரண்டாம் வகை இழைகள்தான் அதிகம் சுருங்கியிருந்தன. உட்கார்ந்து எழுவதற்கும், தடுக்கினால் விழாமல் சமாளிப்பதற்கும் அந்த இழைகள்தான் வேண்டும். சோபாவிலும் உயரமான நாற்காலியிலும் உட்காருகிற வீடுகளில் இது வெளியே தெரிய நாளாகும். தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற, குத்தவைத்து உட்காரும் கழிப்பறை வைத்திருக்கிற வீட்டில் முதலிலேயே தெரிந்துவிடும், தெரிந்த உடனே நாம் செய்வது என்னவென்றால் அவருக்கு ஒரு நாற்காலி வாங்கிப் போட்டுவிடுவது.

டயாலிசிஸ் ஆரம்பித்துச் சில மாதங்கள் கழித்து அப்பாவின் கிரியேட்டினின் மெல்ல இறங்கியது. ஒவ்வொரு தடவையும் டயாலிசிஸுக்கு முன்னால் எடுக்கும் ரத்தம், அதே மெஷின், அதே நாலு மணி நேரம், ஆனால் எண் இறங்குகிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சித்தப்பா ஸ்வீட்டோடு வந்துவிட்டார். டாக்டர் மட்டும் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு முகத்தை நிமிர்த்தி அப்பாவின் நெற்றிப்பொட்டைப் பார்த்தார், அப்புறம் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதையை அமுக்கிப் பார்த்தார், தொடையைப் பிடித்துப் பார்த்தார். "ஐயா சரியாச் சாப்பிடறாரா?" என்று கேட்டார். டயாலிசிஸில் இருப்பவருக்கு, மெஷின் ஒரே அளவு வேலை செய்யும்போது கிரியேட்டினின் தானாக இறங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, அனுப்பும் இடத்தில் சரக்கு குறைந்துவிட்டதா என்பதைத்தான். டயாலிசிஸ் நோயாளிகளைப் பல காலம் பின்தொடர்ந்த ஆய்வுகளில், கிரியேட்டினின் குறைவாக இருந்தவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். சாதாரண ஆளுக்கு நல்ல செய்தியாக இருக்கும் எண் இங்கே தலைகீழாக நிற்கிறது, இதை யாரும் நமக்கு உட்கார வைத்துச் சொல்வதில்லை.

எடையும் இப்படித்தான் ஏமாற்றும். டயாலிசிஸில் டிரை வெயிட் என்று ஒன்று வைத்திருப்பார்கள், உடம்பில் சேர்ந்த உபரி நீரை எல்லாம் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை. அப்பாவுக்கு அது 62 கிலோ என்று குறித்திருந்தார்கள். இப்போது தசையில் இரண்டு கிலோ கரைந்துவிட்டது என்று வையுங்கள். மெஷினில் அதே 62க்குத்தான் கொண்டுவருகிறார்கள், தராசிலும் 62தான் காட்டுகிறது, ஆனால் அதில் இரண்டு கிலோ இப்போது தண்ணீர். ஆள் இளைத்ததும் தெரியாது, நீர் கோத்ததும் தெரியாது, ராத்திரி படுத்தால் மூச்சு வாங்கும்போதுதான் தெரியும். எடை மாறவே இல்லை என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, ஏன் கரைகிறது, ஏன் ஓய்கிறது?

ரத்த சோகை என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில், அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. எரித்ரோபாய்டின் குறைந்தால் ஹீமோகுளோபின் குறையும், ஆக்சிஜன் தசைக்குப் போதாது. 1989இல் அமெரிக்காவில் இந்த ஹார்மோனைச் செயற்கையாகத் தயாரித்த ஊசிக்கு அனுமதி கிடைக்கும் வரை டயாலிசிஸ் நோயாளிகள் ரத்தம் ஏற்றிக்கொண்டே காலம் தள்ளினார்கள். ஊசி வந்ததும் நிலைமை மாறியது, மறுக்கவே முடியாது, படுத்தே கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஆனால் மருத்துவர்கள் இவர்களை டிரெட்மில்லில் ஓட விட்டு உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று அளந்தபோது ஒரு சிக்கல் தெரிந்தது. டயாலிசிஸ் நோயாளிகளின் அளவு, அதே வயது ஆரோக்கியமானவர்களின் அளவில் பாதியையோ அதற்குக் கொஞ்சம் மேலேயோதான் எட்டியது. ஹீமோகுளோபின் ஏறியபோது அது கூடியது, ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. ஆக்சிஜன் வந்து சேருகிறது, எடுத்துப் பயன்படுத்தும் இடத்தில்தான் குறை. அப்படியானால் ஹீமோகுளோபினை இன்னும் ஏற்றலாமே என்று ஆரோக்கியமானவர்களின் அளவுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். 2006இலும் 2009இலும் வந்த பெரிய ஆய்வுகள் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தன, பக்கவாதமும் இதயத் தொந்தரவும்தான் கூடின. இப்போது பொதுவாக 10இலிருந்து 11.5 வரை வைத்துக்கொள்கிறார்கள். 'ஹீமோகுளோபின் 10தான் இருக்கு, இன்னும் ரெண்டு ஊசி போடச் சொல்லுங்க' என்று நர்ஸோடு சண்டை போடுகிறவர்களை டயாலிசிஸ் வார்டில் பார்த்திருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி அடுத்தது, ஏனென்றால் அது அப்பா சொன்ன 'பேச்சைக் கேட்க மாட்டேங்குது' என்பதை அளந்து காட்டியது. எம்ஆர்ஐ இயந்திரத்தைக் கொண்டு, படம் எடுக்காமல், தசைக்குள் இருக்கும் பாஸ்பரஸ் சேர்மங்களை அளக்க முடியும். படுக்க வைத்துக் காலைக் கொஞ்ச நேரம் உதைக்கச் சொல்கிறார்கள். கிரியேட்டின் பாஸ்பேட் தீர்ந்துகொண்டே வருவது திரையில் தெரிகிறது. நிறுத்து என்கிறார்கள். இப்போது அது எவ்வளவு வேகமாகத் திரும்ப நிரம்புகிறது என்று பார்க்கிறார்கள். ஊசி இல்லை, திசு வெட்டவில்லை. அமெரிக்காவில் சியாட்டிலிலும் நாஷ்வில்லிலும் இருக்கும் பல்கலைக்கழகக் குழுக்கள் 2020இல் இதை வெளியிட்டன. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு நிரம்ப அதிக நேரம் ஆனது. அதைவிட முக்கியம், டயாலிசிஸுக்கே வராத, நோயின் நடுக்கட்டத்தில் இருப்பவர்களுக்கும் இந்தத் தாமதம் இருந்தது. அதாவது கால் ஓய்வது டயாலிசிஸ் மெஷின் கொண்டுவந்த தொல்லை இல்லை. மைட்டோகாண்ட்ரியாவின் வேலை அதற்கு வெகு முன்பே மந்தமாகிவிடுகிறது.

ஏன் மந்தமாகிறது என்பதற்கு ஒரே காரணம் கிடையாது. ரத்தத்தில் தேங்கும் கழிவுகளில் இண்டாக்ஸில் சல்பேட் என்று ஒன்று. நாம் சாப்பிடும் புரதத்தில் இருக்கும் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தை குடல் பாக்டீரியா இண்டோலாக மாற்றுகிறது, கல்லீரல் அதை இண்டாக்ஸில் சல்பேட்டாக மாற்றுகிறது, நல்ல சிறுநீரகம் அதைச் சத்தமில்லாமல் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் கெட்டால் தேங்கிவிடும். ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதத்தை இறுகப் பிடித்துக்கொள்வதால் டயாலிசிஸ் மெஷினாலும் இதைச் சரியாக எடுக்க முடிவதில்லை. யூரியா பாதிக்கு மேல் இறங்கிவிட்டது என்று ரிப்போர்ட் சொல்லும்போதும் இது அப்படியே கிடக்கிறது. எலிகளின் தசையிலும் செல்களிலும் செய்த சோதனைகளில் இது மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுப்பதைப் பார்த்திருக்கிறார்கள். இன்சுலினுக்குத் தசை சரியாகச் செவிசாய்க்காமல் போவதும் இந்த நோயில் உண்டு, சர்க்கரை நோயே இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும்கூட. வைட்டமின் டி குறைவு, பாராதைராய்டு ஹார்மோன் ஏறுவது, உடம்புக்குள் அழற்சி என்று மிச்சமும் இருக்கின்றன, அதையெல்லாம் இங்கே விரிக்கப் போவதில்லை.

ஆனால் அமிலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இதற்கு மலிவான வைத்தியம் இருக்கிறது. உடம்பு தினமும் உண்டாக்கும் அமிலத்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். அது முடியாதபோது ரத்தத்தில் அமிலத்தைச் சமன் செய்யும் பைகார்பனேட் குறைகிறது; 22க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். அமிலம் கூடினால் தசைக்குள் இருக்கும் புரதத்தைத் துண்டு போடும் இயந்திரம் ஒன்று முடுக்கிவிடப்படுகிறது. பழைய, கெட்டுப்போன புரதத்தை அப்புறப்படுத்த எல்லோருக்கும் இருக்கும் ஏற்பாடுதான் அது, அமிலம் ஏறினால் நல்ல புரதத்தின் மேலும் கை வைத்துவிடுகிறது. 2009இல் லண்டனில் 134 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், பாதிப் பேருக்குச் சாதாரண சோடியம் பைகார்பனேட் மாத்திரை இரண்டு வருடம் கொடுத்தார்கள். அவர்களுக்குச் சிறுநீரகம் கெடும் வேகம் குறைந்ததோடு புஜத்துத் தசையின் சுற்றளவும் நன்றாக இருந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் சமையல் சோடாவைக் கரைத்துக் குடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். அதில் இருப்பது சோடியம்; நீர் கோத்தல், ரத்த அழுத்தம், இதயம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் டாக்டர் அளவு சொல்வார். ஆனால் 'என் பைகார்பனேட் எவ்வளவு?' என்று கேட்கலாம். கிரியேட்டினினை ஒப்பிக்கிற நூறு பேரில் ஒருவராவது அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அப்புறம் சாப்பாடு. இங்கேதான் நம் வீடுகளில் பெரிய குழப்பம். டயாலிசிஸுக்கு முன்னால் ஒரு கணக்கு, பின்னால் வேறு கணக்கு, இந்த இரண்டையும் உறவினர்கள் கலந்துவிடுவார்கள். முன்னால் இருக்கும் கட்டத்தில் புரதத்தை அளவாக வைக்கச் சொல்வார்கள், கிலோவுக்கு 0.8 கிராம் அளவில், சிலருக்கு இன்னும் குறைவாக. டயாலிசிஸ் தொடங்கியதும் கணக்கு அப்படியே திரும்பும், கிலோவுக்கு 1.0இலிருந்து 1.2 கிராம் வரை வேண்டும். ஒவ்வொரு ஹீமோடயாலிசிஸிலும் 6 முதல் 12 கிராம் அமினோ அமிலங்கள் மெஷினோடு போய்விடுகின்றன என்பதும், அந்த நாலு மணி நேரத்தில் உடம்பு தன் தசையையே உருக்கிக்கொள்கிறது என்பதும் காரணம். அப்பாவின் எடைக்கு 62இலிருந்து 74 கிராம் வரை. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது, ஒரு இட்லியில் 2 கிராம் அளவுக்குத்தான். அவர் காலையில் மூணு இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி கஞ்சி என்று இருந்தார், 'கிட்னி பேஷன்ட் பருப்பு தொடக் கூடாது, முட்டை கூடாது' என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு. அந்தச் சாப்பாட்டில் 25 கிராம்கூடத் தேறாது. உணவு ஆலோசகர் வந்து முட்டையின் வெள்ளைக்கருவையும் மீனையும் கொஞ்சம் கோழியையும் சேர்த்தார், பாஸ்பரஸ் காரணமாக மஞ்சள் கருவைக் குறைத்தார். செவ்வாய்க்கிழமை முட்டையா என்று அம்மா முகம் சுளித்தார், பிறகு வெள்ளிக்கிழமையும் அவித்துக் கொடுத்தார்.

சாப்பிட்டால் மட்டும் தசை வராது. வாரத்துக்கு மூன்று நாள், நாலு மணி நேரம் அந்த நாற்காலியில், போக வர நேரம், வந்ததும் துவண்டுபோய்ச் சுருண்டு படுத்தல். டயாலிசிஸ் முடிந்து வரும் அந்த அசதி சிலருக்கு ராத்திரி தூங்கி எழுந்தால்தான் தெளியும். மறுநாள் கொஞ்சம் நன்றாக இருப்பார், அன்றைக்கும் 'ரெஸ்ட் எடுங்கப்பா' என்போம். தண்ணீர்ச் சொம்பைக் கையில் கொண்டுபோய்க் கொடுப்போம். வீட்டார் அன்பாகச் செய்கிற இந்த ஒரு விஷயம் தொடைத் தசைக்கு விஷம் என்று நான் நினைக்கிறேன், கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்கிறேன். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையின் ரத்தக்குழாய்களை இணைத்து பிஸ்டுலா போட்ட எல்லோருக்கும் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து தினமும் அமுக்கச் சொல்லி அனுப்புகிறார்கள். ரத்தக்குழாய் பெருக வேண்டுமே, மெஷினுக்கு வேண்டுமே. காலுக்கு ஒரு வரி யாரும் எழுதித் தருவதில்லை.

செய்தால் பலன் இருக்கிறதா என்றால், இருக்கிறது, அளவாக. 2001இல் பாஸ்டனிலிருந்து வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது, 26 பேர்தான், டயாலிசிஸுக்கு முன்கட்டத்தில் இருப்பவர்கள், கிலோவுக்கு 0.6 கிராம் என்ற குறைந்த புரதச் சாப்பாட்டில் இருந்தவர்கள். பாதிப் பேருக்கு 12 வாரம் எடை தூக்கும் பயிற்சி. அவ்வளவு குறைந்த புரதத்திலும் பயிற்சி செய்தவர்களின் தசை இழைகள் தடித்தன, பலம் கூடியது. மற்றவர்கள் இளைத்தார்கள். இத்தாலியில் 2017இல் வந்த ஆய்வு இன்னும் எளியது: டயாலிசிஸ் நோயாளிகள் கிட்டத்தட்ட 300 பேர், அதில் ஒரு சாராருக்கு வீட்டிலேயே நடக்கச் சொன்னார்கள், ஆரம்பத்தில் மெதுவாக, சிறுகச் சிறுகக் கூட்டி. ஆறு மாதத்தில் ஆறு நிமிடம் நடக்கும் தூரம் சராசரியாக 328 மீட்டரிலிருந்து 367 மீட்டருக்கு ஏறியது, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரும் நேரமும் குறைந்தது. எல்லா ஆய்வும் இப்படி இல்லை. பிரிட்டனில் டயாலிசிஸ் நடக்கும்போதே சைக்கிள் மிதிக்க வைத்துப் பார்த்தார்கள், ஆறு மாதம் கழித்து நோயாளிகள் தங்கள் உடல்நிலையைப் பற்றிச் சொன்னதில் பெரிய மாற்றம் இல்லை, திட்டமிட்ட அளவுக்குப் பலரால் செய்யவும் முடியவில்லை. ஊசி குத்திய கையோடு படுத்துக்கொண்டு மிதிப்பது யாருக்குப் பிடிக்கும்?

அப்பாவுக்கு நடந்தது இதுதான். டாக்டரிடம் இதயத்தைப் பார்த்து அனுமதி வாங்கிக்கொண்டு, டயாலிசிஸ் இல்லாத நாட்களில் மட்டும், சாயங்காலம் மொட்டை மாடியில் நடை. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, முதலில் நாற்காலி மேல் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டி, அப்புறம் தலையணையை எடுத்துவிட்டு. சர்க்கரை காரணமாகப் பாதத்தில் உணர்ச்சி குறைவு, அதனால் வெறுங்காலோடு விடவில்லை. பிஸ்டுலா கையில் பளு எதுவும் கிடையாது. "ஏறுங்க ஏறுங்க, உள்ள போங்க" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு நடப்பார், மாடியில் அவரைத் தவிர ஆளே இல்லை. இப்போதும் சுவரைப் பிடித்துத்தான் தரையிலிருந்து எழுகிறார், ஆனால் ஒரு கை போதும். மாற்று சிறுநீரகம் வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்று சித்தப்பா கேட்டார். ஆக்சிஜன் பயன்பாடு நன்றாக ஏறும், ஆனால் கூடவே ஸ்டீராய்டு மாத்திரையும் வரும், அதுவும் தொடைத் தசையைத்தான் தின்னும். அதனால் காத்திருக்கும் காலத்திலேயே காலைக் கவனித்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. இவ்வளவு நேரம் சொன்னது மாதக்கணக்கில் மெல்ல வரும் பலவீனம். ஒரே நாளில், சில மணி நேரத்தில் வரும் பலவீனம் வேறு, அதை இதோடு சேர்த்துப் பார்க்கவே கூடாது. உடம்பில் உள்ள பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது, பெரும்பகுதி தசையில். சிறுநீரகம் வெளியேற்றாதபோது ரத்தத்தில் அது ஏறினால் தசையும் இதயமும் ஒன்றாகத் தடுமாறும். 1941இல், குண்டு விழுந்த லண்டனில், இடிபாட்டில் கால் நசுங்கியவர்களை மீட்ட பிறகு அவர்கள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும், உள்ளே இருந்த பொட்டாசியமும் வெளியே கொட்டும். நம் கதைக்கு நேர் எதிர்த் திசை, ஆனால் சம்பந்தப்பட்ட இரண்டு உறுப்புகளும் அதேதான். நம் ஊரில் இந்தப் பொட்டாசிய ஏற்றம் இளநீர் வழியாக வருகிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போய், ஒரு டயாலிசிஸைத் தள்ளிப்போட்டு, உடம்புக்குக் குளிர்ச்சி என்று இரண்டு இளநீர், வாழைப்பழம், காய்கறியை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் குழம்பு. மறுநாள் காலையில் கால் கனக்கிறது, படி ஏற முடியவில்லை, நெஞ்சு படபடக்கிறது அல்லது துடிப்பு வழக்கத்துக்கு மாறாக மெதுவாக இருக்கிறது. அப்போது அசதி என்று படுக்க வைக்கக் கூடாது, நடை பழகு என்றும் சொல்லக் கூடாது. பக்கத்தில் இருக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், டயாலிசிஸ் பேஷன்ட், கடைசி டயாலிசிஸ் இன்ன தேதி, கால் தூக்க முடியவில்லை, உடனே ஈசிஜி எடுங்கள், பொட்டாசியம் பாருங்கள் என்று இந்த வரிசையில் சொல்லுங்கள். பிஸ்டுலா எந்தக் கை என்றும் சொல்லுங்கள், அந்தக் கையில் பிபி பட்டியைக் கட்ட விடாதீர்கள்.